மலியெமின் தீவு

தருமபுரி மாவட்டத்தின் பரப்பு சுமார் 4,500 சதுர கிலோமீட்டர். கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப்பின் பரப்பு, அதைச் சுற்றியுள்ள குட்டித் தீவுகளையும் சேர்த்தே 1,628 தான். நம்ம மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்ளோதான். இங்கே 2011 கணக்குப்படி பதினைந்து லட்சம் பேர், அங்கே நாலு லட்சத்துக்கும் குறைவு. பென்னாகரத்தில் இருந்து அரூர் போய்ச் சேருகிற நேரத்தில் அந்தத் தீவின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பெரும்பாலும் போய்விடலாம். இவ்வளவு சின்ன இடத்தில், தலைகாட்டாத குடும்பக் கிளை மாதிரி, நம்முடைய பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒரு துண்டு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வரைபடத்தில் பார்த்தால் பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். இடது சிறகுக்குப் பெயர் பாஸ்-தேர், வலது சிறகு கிராந்த்-தேர். பிரெஞ்சில் பாஸ்-தேர் என்றால் ‘தாழ்ந்த நிலம்’. ஆனால் மலையெல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வலதுபக்கம் தட்டையான சுண்ணாம்புப் பாறை, கரும்புக் காடு, வெள்ளை மணல். பெயர் வைத்தவர்கள் கப்பலோட்டிகள். காற்று அடங்கிய பக்கத்துக்கு அவர்கள் சொன்ன பெயர் அது. நிலத்தில் நின்று பார்க்கிறவனுக்கு அது தப்பாகத்தான் தெரியும். குவாதலூப்பின் சரித்திரம் முழுக்கவே கப்பலில் இருந்து பார்த்தவர்கள் எழுதியது என்பதால் இதை ஆரம்பத்திலேயே சொல்லி வைக்கிறேன்.

சுற்றுலாப் பயணிகள் அங்கே ஏன் போகிறார்கள் என்பதற்குக் காரணம் நிறைய இருக்கிறது. லா சூஃப்ரியேர் என்ற எரிமலை, 1,467 மீட்டர். அந்தத் தீவு வரிசையிலேயே உயரமானது. 1976இல் அது புகைய ஆரம்பித்ததும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை வெளியேற்றினார்கள். ஆளில்லாத நகரத்துக்குள் கேமராவோடு நுழைந்தவர் வெர்னர் ஹெர்சாக். மலை வெடிக்கவில்லை. வெடிக்காத எரிமலையைப் பற்றிய அந்த அரைமணி நேரப் படம் சினிமா பைத்தியங்களுக்குத் தெரிந்திருக்கும். தேஷே என்ற மீனவ ஊரில் 2011 முதல் பிபிசியின் ‘டெத் இன் பாரடைஸ்’ தொடரை எடுக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அந்தக் காவல் நிலையத்தின் முன்னால் போட்டோ எடுக்கவே இங்கிலாந்துக்காரர்கள் வருகிறார்கள். புய்யாந்த் கடலில் கூஸ்தோ பெயரில் நீரடிச் சரணாலயம். அப்புறம் கார்பே அருவிகள். மூன்று அடுக்கு, அதில் இரண்டாவது மட்டும் 110 மீட்டர் உயரம். ஒகேனக்கல்லைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே பரிசல் கிடையாது, எண்ணெய் மசாஜ் கிடையாது, வாழை இலையில் மீன் வறுத்துத் தர அக்காக்களும் கிடையாது. காட்டுக்குள் மரப்பலகைப் பாதையில் நடந்து, தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பவேண்டும்.

அந்த அருவிகள் இருக்கும் ஊராட்சியின் பெயர் காபெஸ்தேர்-பெல்-ஓ. கடற்கரை ஓரமாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை. இருபுறமும் வாழைத்தோட்டம். திடீரென்று சாலையோரத்தில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் பூசிய சுதைச் சிற்பங்களோடு ஒரு கோயில் வரும். ஷாங்ஷி கோயில். பயணக் கையேடுகள் எல்லாவற்றிலும் அதற்கு ஒரு பத்தி உண்டு: ‘வண்ணமயமான இந்துக் கோயில், வாய்ப்பிருந்தால் நிறுத்திப் பாருங்கள்’. உள்ளே இருப்பவள் பெயர் மலியெமின். மாரியம்மன்.

அவள் எப்படி அங்கே போனாள் என்று சொல்ல வேண்டுமானால் சர்க்கரையில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1493 நவம்பரில் கொலம்பஸ் தன் இரண்டாவது பயணத்தில் இங்கே இறங்கினார். கலினாகோ மக்கள் தீவை காருகேரா என்று அழைத்தார்கள். ஸ்பெயினில் இருக்கும் ஒரு மாதா கோயிலின் பெயரை கொலம்பஸ் சூட்டிவிட்டுப் போனார். அன்னாசிப் பழத்தை ஐரோப்பியர்கள் முதன்முதலில் பார்த்தது இங்கேதான் என்பார்கள். 1635இல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறினார்கள். அடுத்த நூற்றைம்பது வருஷத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கலினாகோக்கள் துரத்தப்பட்டார்கள், ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்கள் இறக்கப்பட்டார்கள், கரும்பு வெட்டப்பட்டது. ஒரு வரியில் சொல்லக்கூடிய விஷயமா இது என்று கேட்டால், இல்லைதான். ஆனால் அதை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் அந்தத் தீவிலேயே இருக்கிறார்கள், எழுதியும் இருக்கிறார்கள்.

நான் நிற்க விரும்பும் இடம் 1763. அந்த வருஷம் பிப்ரவரியில் பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏழாண்டுப் போரில் பிரிட்டனிடம் தோற்ற பிரான்ஸ், கனடாவை மொத்தமாக விட்டுக்கொடுத்துவிட்டு குவாதலூப்பையும் மார்த்தினிக்கையும் திரும்ப வாங்கிக்கொண்டது. இன்றைக்கு இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒரு கண்டத்தின் பாதியைக் கொடுத்து இரண்டு கரும்புத் தோட்டங்களை வாங்கியிருக்கிறார்களே என்று. அன்றைய கணக்கில் அது நஷ்டம் இல்லை. சர்க்கரை அன்றைக்கு எண்ணெய்க் கிணறு மாதிரி. நம் பாடப்புத்தகத்தில் இருந்தும் இதே ஒப்பந்தத்தை நாம் அறிவோம், ஆனால் வேறு அத்தியாயத்தில். 1761இல் அயர் கூட் பிடித்து இடித்துத் தள்ளிய புதுச்சேரி, பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்ததும் இதே காகிதத்தில்தான். கரும்புத் தோட்டமும் அதற்குப் பிற்பாடு ஆள் அனுப்பப்போகும் துறைமுகமும் ஒரே மேஜையில், ஒரே நாளில் திரும்பி வந்தன. அந்த மேஜையில் இருந்த யாருக்கும் இது தோன்றியிருக்காது.

பிரெஞ்சுப் புரட்சி 1794இல் அடிமைமுறையை ஒழித்தது. நெப்போலியன் 1802இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒருமுறை விடுதலையான மனிதனை மறுபடி அடிமையாக்குவது என்பது யோசித்துப் பார்க்கவே முடியாத விஷயம். லூயி தெல்கிரெஸ் என்ற கறுப்பின ராணுவ அதிகாரி எதிர்த்து நின்றார். தோல்வி நிச்சயம் என்று தெரிந்ததும் 1802 மே 28 அன்று மத்தூபா மலைச்சரிவில் தன்னையும் தன்னோடு இருந்த சுமார் முந்நூறு பேரையும் வெடிமருந்தில் அழித்துக்கொண்டார். சொலித்யூத் என்ற பெண்ணும் அந்தக் கிளர்ச்சியில் இருந்தவர். அவர் கர்ப்பிணி என்பதால் பிள்ளை பிறக்கும்வரை காத்திருந்து, மறுநாள் தூக்கிலிட்டார்கள். பிறந்த குழந்தை யாரோ ஒருவரின் சொத்து, அதனால் அந்தக் காத்திருப்பு. இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த பகுதிக்குள் போகக்கூடாது. ஏனென்றால் நம் ஆட்கள் கப்பலில் இருந்து இறங்கியது இந்த மண்ணில்.

1848இல் அடிமைமுறை இரண்டாவது முறையாக, நிரந்தரமாக ஒழிந்தது. குவாதலூப்பில் மட்டும் சுமார் 87,000 பேர் விடுதலையானார்கள். விடுதலையானவர்கள் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் தேடினார்கள், கூலி உயர்வு கேட்டார்கள், பலர் கரும்புக் காட்டுப் பக்கமே திரும்ப மறுத்தார்கள். தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டும். அதைவிட முக்கியமாக, கூலி கேட்கிறவனுக்கு மாற்று ஆள் வேண்டும். அந்த மாற்று ஆள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்து வந்தான்.

‘அவுரேலி’ என்ற கப்பல் 1853 மே 6 அன்று மார்த்தினிக்கில் முதல் இந்தியக் கூட்டத்தை இறக்கியது. அதே கப்பல் அடுத்த பயணத்தில், 1854 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், குவாதலூப்பின் புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்துக்கு வந்தது. 344 பேர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு சுமார் மூன்று மாதப் பயணம். ஐந்து வருஷ ஒப்பந்தம், ஆணுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்க் கூலி, பெண்ணுக்குப் பத்து, முடிந்ததும் இலவசமாக ஊர் திரும்பலாம் என்று எழுதியிருந்தது. 1861இல் பிரான்சும் பிரிட்டனும் ஓர் உடன்படிக்கை போட்டபிறகு, பிரிட்டிஷ் இந்தியாவுக்குள்ளும் சட்டப்படியே ஆள் பிடிக்க முடிந்தது. பிற்பாடு கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் போயின. 1888இல் பிரிட்டிஷ் அரசு, நடத்தும் விதம் சரியில்லை என்று இதை நிறுத்தும்வரை சுமார் 42,000 பேர் போனார்கள். திரும்பி வந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. மிச்சம் பேரில் பெரும்பகுதி அங்கேயே தங்கியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கும் அளவுக்கு உயிரோடு இருந்தவர்களே குறைவு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தற்கொலை, அடி.

ஒப்பந்தம் என்ற சொல்லைக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஐ.டி. வேலையில் சேரும்போது இரண்டு வருஷ பாண்டு எழுதிக் கொடுத்தவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். நாங்களும் கூலிகள்தான் என்று ஐ.டி.காரர்கள் சொல்லிக்கொள்ளும் ஒரு ஜோக் உண்டு. எனக்கு அந்த ஜோக் பிடிப்பதில்லை. பாண்டை மீறினால் வக்கீல் நோட்டீஸ் வரும். அங்கே தோட்டத்தை விட்டு அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போனால் ‘நாடோடித்தனம்’ என்ற குற்றத்துக்குச் சிறை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கப்பலேறியவர்கள் யார்? கடலோர மாவட்டத்துக்காரர்கள் அதிகம், சந்தேகமில்லை. ஆனால் 1860களிலேயே மதராஸில் இருந்து வரும் ரயில் மொரப்பூர் வழியாக சேலம் போய்க்கொண்டிருந்தது. உள்நாட்டுக்காரனுக்கும் துறைமுகம் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. 1876, 77, 78: தாது வருஷப் பஞ்சம். இன்றைய தருமபுரி அன்றைக்கு சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி (நமக்குத் தனி மாவட்டம் கிடைத்தது 1965இல்தான்). 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் எண்ணிக்கை பத்து வருஷம் முந்தையதைவிடக் குறைந்திருந்தது. பிறப்புகள் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு மாவட்டத்தின் ஆள்கணக்கு இறங்குகிறது என்றால் அது எப்படிப்பட்ட காலம் என்று யூகித்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன கப்பல் பட்டியல்களில் சேலம் என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். இன்றைக்கும் நம் மாவட்டத்தில் இருந்து பெங்களூர் கட்டட வேலைக்கும் திருப்பூருக்கும் ஆள் ஏற்றும் வண்டிகள் கிளம்புகின்றன. மழை பொய்த்த வருஷம் கூட்டம் அதிகம். ‘மேஸ்திரி’ என்ற சொல்லை நாம் இன்னும் கைவிடவில்லை. புதுச்சேரியில் கப்பலுக்கு ஆள் பிடித்தவர்களுக்கும் அதுதான் பெயர்.

இறங்கியதும் முதலில் மாறியது பெயர். நம் கிராமத்தில் ஒருவனுக்கு ஒரே பெயர், முன்னால் வேண்டுமானால் அப்பா பெயர். பிரெஞ்சு குமாஸ்தாவுக்குக் குடும்பப்பெயர் வேண்டும். காதில் விழுந்ததை எழுதினான். முத்துசாமி, மூத்துசமி ஆனார். வீரப்பன் விரபேன், நாகப்பன் நகபேன், சீனிவாசன் சினிவசேன், வைத்திலிங்கம் வைத்திலேங்கோன். மீனாட்சி ஒரு குடும்பத்தின் பெயராகவே ஆகிவிட்டாள். இன்றைய குவாதலூப்பின் தொலைபேசிப் புத்தகத்தில் இந்தப் பெயர்களைப் பார்க்கலாம். முன்னால் ழான், மரி, எர்னெஸ்ட் என்று ஏதாவது கிறிஸ்தவப் பெயர் ஒட்டியிருக்கும். பெரும்பாலோர் கத்தோலிக்கர்களாக ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், நேர்த்திக்கடன் இருந்தால் மலியெமின் கோயில்.

இந்தப் பெயர்களில் ஒன்று சிதம்பரம். ஆன்றி சிதம்பரோம், 1863இல் காபெஸ்தேரில் பிறந்தவர், 1952இல் இறந்தார். தமிழில் இவரைப் பற்றி இன்னும் நிறைய எழுதப்பட்டிருக்க வேண்டும். அங்கேயே பிறந்த இந்தியப் பிள்ளைகளை பிரெஞ்சு அரசு என்னவாக வைத்திருந்தது தெரியுமா? பிரிட்டிஷ் பிரஜைகளாக. இந்தியாவையே பார்க்காதவர்கள், பிரிட்டனையும் பார்க்காதவர்கள், ஆனால் லண்டனுக்குச் சொந்தமானவர்கள். ஓட்டு கிடையாது. 1904இல் சிதம்பரோம் அவர்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். ஆளுநர் தரப்பு எதிர்த்தது. பிரெஞ்சு மண்ணில் பிறந்து வளர்ந்தவன் பிரெஞ்சுக்காரனே என்பது அவருடைய வாதம். வழக்கு இழுத்தது. பத்து வருஷம் இல்லை, பத்தொன்பது வருஷம். 1923இல்தான் அவர்களுக்குக் குடியுரிமை உறுதியானது.

இந்த இடத்தில் நம் வாட்ஸப் பெருமிதக்காரர்கள் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். ‘கடல் கடந்தும் தமிழன்’ என்று தலைப்பு வைத்து சிதம்பரோமின் படத்தைப் போட்டுவிடலாம், ஆனால் அவர் கேட்டது தமிழனாக இருக்கும் உரிமையை இல்லை. பிரெஞ்சுக்காரனாக இருக்கும் உரிமையை. ஊர் திரும்பும் டிக்கெட்டைக் கிழித்துப் போட்ட ஆள் அவர். எனக்கு அவர்மேல் இருக்கும் மரியாதையே அதனால்தான். நாம் அவரை மீட்டு எடுக்க வேண்டியதில்லை, அவர் தொலைந்து போகவில்லை.

இன்னொரு கசப்பான விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். விடுதலையான கறுப்பின மக்களின் கூலியை உடைப்பதற்காகவே நம் ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். அது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ‘கூலி’ என்பது கிரியோல் மொழியில் வசைச்சொல் ஆனது. நாய் தின்கிற கூலி என்று கேலி செய்வார்கள். அடிமைகள் படுத்த குடிசையிலேயே கூலிகளைப் படுக்க வைத்து, இருவரையும் மோதவிட்டு, கரும்பு ஆலை ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பகை தணிய மூன்று நான்கு தலைமுறை ஆயிற்று. கலப்புத் திருமணங்களும் தொழிற்சங்கங்களும் அதைச் செய்தன.

இனி சாமிகள். மலியெமினுக்குப் பக்கத்தில் நிற்பவர் மல்தெவிலேன். மார்த்தினிக்கில் மல்தெவிதான் என்பார்கள். யார் இவர் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், மதுரை வீரன். இவர்களோடு மூன்றாவதாக ஒருவர் உண்டு, நகுர்மிரா. கோயில் வளாகத்திலேயே உயரமான கம்பம் நட்டு அவருக்குக் கொடியேற்றுகிறார்கள். நாகூர் மீரா! நாகூர் தர்காவின் ஷாகுல் ஹமீது ஆண்டவர், கடலில் போகிறவர்களைக் காப்பவர். காரைக்காலில் இருந்து கிளம்பும் முன்னால் பக்கத்து ஊர் தர்காவில் வேண்டிக்கொண்டவர்கள், மூன்று மாசம் உயிரோடு கடலைத் தாண்டியதும் கொடியேற்றியிருக்கிறார்கள். நூற்றைம்பது வருஷம் கழித்து, அவர் முஸ்லிம் ஞானி என்ற தகவல் மங்கிப்போய், மாரியம்மன் கோயிலின் ஒரு தெய்வமாகக் கம்பத்தில் பறக்கிறார். இதைவிட ஒரு நல்ல செய்தியை நான் சமீபத்தில் படிக்கவில்லை.

சடங்கில் ஆட்டுக்கிடா வெட்டு உண்டு. தப்பு அடிக்கிறார்கள், அங்கே அதன் பெயர் தபு. மத்தளத்துக்கு மதலோன். பூசாரி அருள் வந்து, கரும்பு வெட்டும் கத்தியின் கூர்மேல் வெறுங்காலோடு ஏறி நிற்கிறார், நம் கருப்பசாமி கோயில்களில் அரிவாள்மேல் நின்று குறி சொல்வது போல. கிடா ஒரே வெட்டில் விழ வேண்டும், இல்லாவிட்டால் குற்றம். சடங்கு முடிந்து விருந்து. அதில் ஊற்றும் காரமான ரசத்துக்குப் பெயர் மொல்தானி. மிளகுத்தண்ணி.

1970களுக்குப் பிறகு இந்தியாவோடு தொடர்பு திரும்ப ஏற்பட்டது. விமானம் வந்தது, சாமி சிலைகள் வந்தன, ஐயர்கள் வந்தார்கள், யோகா வந்தது. அவர்களோடு ஒரு கேள்வியும் வந்தது: இது சரியான இந்து மதமா? ரத்தம் சிந்துவது கூடாது, மாரியம்மனும் மதுரை வீரனும் போதாது, விஷ்ணுவும் விநாயகரும் வேண்டும் என்று சொல்லும் ஒரு பிரிவு அங்கே உருவாகியிருக்கிறது. கிடா வெட்டாத கோயிலைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், தாத்தா செய்ததைத்தான் செய்வேன் என்பவர்களும் இருக்கிறார்கள். நமக்கு இந்தச் சண்டை புதுசில்லை. 2003இல் தமிழ்நாடு அரசு கோயில்களில் உயிர்ப்பலிக்குத் தடை போட்டு, அடுத்த வருஷமே அதைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். தருமபுரிப் பக்கம் அன்றைக்கு எத்தனை ஊரில் திருவிழா தள்ளிப்போனது, எத்தனை ஊரில் ராத்திரியோடு ராத்திரியாகக் கிடா வெட்டினார்கள் என்பதெல்லாம் எழுதப்படாத வரலாறு. என் பக்கச்சார்பை மறைக்கவில்லை: காபெஸ்தேரில் எந்தக் கோயிலுக்குப் போவேன் என்று கேட்டால், தபு அடிக்கிற கோயிலுக்குத்தான். ‘உண்மையான’ மதத்தைக் கற்றுக்கொடுக்க விமானத்தில் போனவர்களுக்கு, கப்பலில் போனவர்கள் கொண்டுபோனது என்ன என்று கேட்கப் பொறுமை இருந்திருக்கலாம்.

மொழி போய்விட்டது. வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பம் அங்கே இல்லை. பேசுவது கிரியோல், எழுதுவது பிரெஞ்சு. ஆனால் சொற்கள் மட்டும் அங்கங்கே சட்டையில் ஒட்டிய நாயுருவி மாதிரி நிற்கின்றன. வேப்பிலைக்கு வெபெலெ. பாவக்காய்க்கு பவோகா. தீவின் தேசிய உணவு என்றே சொல்லப்படுவது கொலோம்போ: கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் அரைத்த பொடியில் ஆட்டுக்கறியோ கோழியோ போட்டு வைப்பது. கொழும்பு நகரத்தின் பெயர் என்று பலர் சொல்வார்கள். குழம்புதான் கொலோம்போ ஆனது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவதை நம்பவே ஆசை, ஆனால் ஆசை ஆதாரம் ஆகாது. சுவாரசியம் என்னவென்றால் இன்றைக்கு அது இந்திய உணவு இல்லை. கறுப்பர், வெள்ளையர், சிரியர் எல்லார் வீட்டிலும் சமைக்கிறார்கள். துணியும் அப்படித்தான். கட்டம் போட்ட ‘மத்ராஸ்’ துணி, நம் கைலித் துணியின் சொந்தக்காரன், கூலிக் கப்பல்களுக்கு முன்பே வியாபாரத்தில் வந்து சேர்ந்தது. தீவுப் பெண்களின் பாரம்பரிய உடையே அதுதான். தலையில் கட்டும் முண்டாசில் ஒரு முனை நீட்டியிருந்தால் மனசு காலி, இரண்டென்றால் ஆள் இருக்கிறான், மூன்றென்றால் கல்யாணம் ஆகிவிட்டது, நான்கென்றால் முயற்சி செய்து பார்க்கலாம் என்று கடைக்காரர்கள் பயணிகளிடம் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இலக்கியப் பக்கம் வந்தால், 1960இல் நோபல் வாங்கிய கவிஞர் சேன்-ஜான் பெர்ஸ் பிறந்தது புவாந்த்-ஆ-பித்ரில், 1887இல். தோட்ட முதலாளிக் குடும்பம். அவரைக் குழந்தையில் வளர்த்த ஆயா ஓர் இந்து என்று அவரே பிற்பாடு எழுதி வைத்தார். அந்த ஆயாவின் பெயரைக் கேட்டு யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தப் பக்கத்தை நிரப்பியவர் என்று எர்னெஸ்ட் மூத்துசமியைச் சொல்லலாம். 1941இல் பிறந்தவர், சேன்-ஃபிரான்சுவாவின் மேயராக இருந்தவர், 1981 முதல் 2002 வரை பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர், கூலிகளின் வருகையைப் பற்றி ‘ஒரோர்’ என்ற நாவல் எழுதியவர். மரீஸ் கோந்தேயின் ‘சதுப்பைக் கடந்து’ நாவலிலும் ஓர் இந்தியக் குடும்பம் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரர்களாக, விசேஷ ஒளி எதுவும் இல்லாமல். தமிழில் கோந்தே இன்னும் அதிகம் வர வேண்டும்.

அங்கே போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு விஷயங்கள். ஒன்று விசா. குவாதலூப் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம், செலாவணி யூரோ, ஆனால் சாதாரண ஷெங்கன் விசா செல்லாது. கடல்கடந்த பகுதிக்கு என்று தனியாக முத்திரை வாங்க வேண்டும். பாரிஸில் இருந்து எட்டரை மணி நேரம் பறக்க வேண்டும். டிசம்பரில் இருந்து ஏப்ரல் வரை மழை குறைவு.

இன்னொன்று வாழைத்தோட்டம். ஷாங்ஷி கோயிலைச் சுற்றி இருக்கும் அந்தப் பச்சையைப் பார்த்து யாரும் கேமராவை எடுக்காமல் இருக்க முடியாது. 1972 முதல் 1993 வரை அந்த வாழைகளுக்குக் குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்தைப் போட்டார்கள், வாழைத்தண்டைத் துளைக்கும் வண்டுக்காக. அமெரிக்காவில் அதைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர்கள் நடுங்கி விழுந்து, 1970களின் நடுவிலேயே அங்கே உற்பத்தி நின்றுபோனது. பிரான்ஸ் 1990இல் தடை செய்துவிட்டு, இந்தத் தீவுகளுக்கு மட்டும் 1993 வரை சலுகை கொடுத்தது. அந்த மருந்து மண்ணில் சில நூறு வருஷம் இருக்கும் என்கிறார்கள். குவாதலூப், மார்த்தினிக் இரண்டிலும் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் ரத்தத்தில் அது இருக்கிறது. தெற்கு பாஸ்-தேர், அதாவது காபெஸ்தேர் பக்கம், மிக மோசம். கிழங்கு போடக்கூடாத நிலங்கள், மீன் பிடிக்கக்கூடாத ஆறுகள், கடலோரங்கள். வாழைக் காட்டில் வேலை செய்தவர்களில் கூலிகளின் பேரப்பிள்ளைகளும் அடிமைகளின் பேரப்பிள்ளைகளும் பக்கம் பக்கமாக நின்றிருந்தார்கள். வழக்கு போட்டார்கள், 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள் யார்மேலும் குற்றம் சாட்ட முடியாது என்று முடித்து வைத்தார்கள். கையேடுகளின் ‘வண்ணமயமான கோயில்’ பத்தியில் இது இருக்காது.

கடைசியாக அந்த நோட்டுப் புத்தகங்கள். தமிழ் எழுதத் தெரியாமல் போன பூசாரிகள் பாட்டுகளையும் மந்திரங்களையும் பிரெஞ்சு எழுத்தில், காதில் கேட்டபடி எழுதி வைத்தார்கள். அங்கே ‘நத்ரோன்’ என்று ஒரு இரவுநேர ஆட்டம் இருந்தது, நாடகம் என்ற சொல்தான் அது. அதன் வசனங்களும் இப்படி எழுதப்பட்டன. கணிப்பொறிக்காரன் கண்ணுக்கு இது ஓர் எழுத்துருச் சிக்கல்: ழ, ள, ல மூன்றும் ஒன்றாகிவிட்டன, குறில் நெடில் போய்விட்டது, சொல் முடிவில் வரும் ம், ன் எல்லாம் மூக்கொலியில் கரைந்துவிட்டன. திரும்பத் தமிழுக்கு மாற்றும் நிரல் எழுதுவது கஷ்டம், ஒவ்வொரு சொல்லுக்கும் பத்து யூகம் வரும். ஆனால் மதுரை வீரன் கதையை மனப்பாடமாகப் பாடும் ஒரு கூத்துக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் பாதிக்கு மேல் காதிலேயே பிடிபட்டுவிடும். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் தெருக்கூத்துக் குழுக்கள் இன்னும் இருக்கின்றன, வாத்தியார்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. ஒரு நோட்டின் சில பக்கங்களை அங்கிருந்து யாராவது உரக்கப் படித்துப் பதிவு செய்து அனுப்பினால், இங்கே ஒரு சாயங்காலத்தில் ஆரம்பித்துவிடக்கூடிய வேலை.